நிதி, நிட்சேபம், பாஷாணம்

போன தை மாதத்தில் எங்கள் தெருவைத் தோண்டினார்கள். அம்பத்தூர்வாசிகளுக்கு இது ஒன்றும் புதிய காட்சியல்ல. குடிநீருக்கு ஒரு தடவை, சாக்கடைக்கு ஒரு தடவை, தொலைபேசிக் கம்பிக்கு ஒரு தடவை என்று தோண்டியும் மூடியும், மறுபடி தோண்டியும், தெரு கிழிந்த பாயைப் போல ஆகிவிட்டது. இந்தத் தடவை இறக்கியது எரிவாயுக் குழாய். எண்ணூரில் 2019ஆம் வருஷம் திறந்தார்களே ஒரு முனையம், அங்கே கடல் கடந்து கப்பலில் திரவமாக வந்து இறங்குகிற வாயு இனிமேல் குழாய் வழியாக அடுப்பங்கரைக்கே வந்துவிடுமாம். சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு மாடியேறுகிற பிள்ளையாண்டானுக்கு நாங்கள் தீபாவளி இனாம் கொடுக்க வேண்டியிராது.

எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்பேட்டையில் முப்பத்தைந்து வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார்.

"ஏன் தம்பி, இது என் வாசப்படிக்குக் கீழே போகுதே. நமக்கு ஏதாச்சும் தரணும் இல்ல?" என்று கேட்டார்.

"தெரு மாநகராட்சியைச் சேர்ந்ததாயிற்றே, ஐயா" என்றேன்.

"தெரு அவங்களுது, சரி. என் மனைக்குக் கீழேயே வாயு இருந்துதுன்னு வைங்க. அது யாருது?"

நான் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கத்துப் பூமியில் அகப்படுவது களிமண்ணும் சவுடும் கிணற்றுத் தண்ணீரும்தான். ஆனால் அவர் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க. பத்திரத்தை எடுத்துப் பாருங்க" என்றார்.

அன்று இரவு அப்பாவின் பெட்டியைத் திறந்து எங்கள் மனைப் பத்திரத்தை எடுத்தேன். 1971இல் எழுதியது. நான்கு எல்லைகளைச் சொல்லி, சதுர அடிகளைச் சொல்லி, அதற்குப் பிறகு மூச்சுவிடாமல் ஒரு வாக்கியம் ஓடியது. மேற்படி மனையும் அதைச் சேர்ந்த நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்னும் அஷ்டபோக பாத்தியதைகளும் சர்வ சுதந்திரமாகக் கிரயம் செய்து கொடுக்கப்பட்டன என்று கண்டிருந்தது. அஷ்டம் என்றால் எட்டு. எண்ணிப் பார்த்தால் ஒன்பது வருகிறது. பத்திரம் எழுதியவர் வாசலில் நின்ற வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு, 'தரு'வை இனாமாகச் சேர்த்துவிட்டார் போலிருக்கிறது.

இந்த வார்த்தைகள் நேற்று முளைத்தவை அல்ல. விஜயநகரத்து அரசர்களின் செப்பேடுகளில் தானம் கொடுக்கும்போது இவைதாம் வரும். நிதி என்றால் புதையல். நிட்சேபம் என்றால் யாரோ புதைத்து வைத்த பொருள். பாஷாணம் கல், பூமிக்குள் கிடக்கிற கனிப்பொருளையும் அதில் அடக்கிச் சொல்வார்கள். ஆகாமி இனி வரப்போகிற ஆதாயம். சாத்தியம் முயன்றால் கிடைக்கக்கூடியது. இவற்றுக்கும் முந்திய சோழர் செப்பேடுகளைப் பார்த்தால் தமிழ் இன்னும் வாயில் இனிக்கிறது. மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும், உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடமெல்லாமும் கொடுத்தோம் என்று அரசன் சொல்லிவிடுவான். நிலம் என்பது வெறும் தரை இல்லை. மேலேயும் கீழேயும் ஓடுவதும் ஊர்வதும் எல்லாம் சேர்ந்ததே நிலம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

ஆக, என் மனைக்குக் கீழே வாயு இருந்தால் அது என்னுடையதுதான். பத்திரம் அப்படித்தான் சொல்கிறது. பெரியவர் கெட்டிக்காரர்.

ஆனால் பத்திரம் சொல்வதும் சர்க்கார் கொடுப்பதும் ஒன்றுதானா? பட்டியலின் முதல் வார்த்தையிலேயே அடி விழுகிறது. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லிவிட வேண்டும். அது யாருக்கும் சொந்தமில்லை என்று முடிவாகி, சர்க்காரும் அதை எடுத்துக்கொள்ளாவிட்டால், கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு. என் தோட்டத்தில் கூலிக்கு வெட்டியவன் குடத்தைக் கண்டால், பத்திரம் எனக்கு முழுதாக எழுதிக் கொடுத்த 'நிதி'யில் நாலில் ஒன்றுதான் எனக்கு! பாஷாணத்துக்கு வந்தால், பூந்தமல்லி, திருமழிசைப் பக்கத்துச் செங்கல் சூளைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். சொந்தப் பட்டா மண்ணை வெட்டுவதற்கும் அனுமதி வேண்டும், சீனியரேஜ் என்று ஒரு கட்டணமும் கட்ட வேண்டும்.

நிலத்திலிருந்து எடுப்பதில் யாருக்கு எவ்வளவு என்கிற வழக்கு எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. சொல்லப்போனால், இந்தியாவிலேயே அதைப் பற்றி மிக அதிகமாகக் காகிதம் செலவழித்த ஊர்களில் பூந்தமல்லியும் ஒன்று. நவாப் முகம்மது அலி 1750ஐ ஒட்டிப் பூந்தமல்லிச் சீமையைக் கம்பெனிக்குக் கொடுத்தான். 1763இல் செங்கல்பட்டு ஜாகீர் முழுவதும் வந்தது. வந்த கம்பெனிக்கு ஒன்றுமே புரியவில்லை. பார்னார்டு என்கிற பொறியாளர் 1767 முதல் ஏழு வருஷம் கிராமம் கிராமமாக அளந்தார். அளந்து பார்த்தால், ஒரு களத்தில் குவிந்த நெல்லில் கைவைப்பவர்கள் எத்தனை பேர்! கோயில், குளம், கணக்குப்பிள்ளை, தச்சன், கொல்லன், வெட்டியான் என்று ஒவ்வொருவருக்கும் மரக்கால் கணக்கில் மேரை உண்டு. சர்க்காருக்கு மேல்வாரம். எல்லோருக்கும் நடுவே மிராசுதாரர்கள்.

மிராசு என்பது இன்றைய வாசகர்கள் பலருக்கு வெறும் பட்டப்பெயராகத் தோன்றும். தொண்டைமண்டலத்தில் அது ஒரு பங்கு. கிராமத்தை இத்தனை பங்கு என்று வைத்துக்கொள்வார்கள். எட்டுப் பங்கு, பதினாறு பங்கு, முப்பத்திரண்டு பங்கு என்று ஊருக்கு ஊர் வேறுபடும். சில ஊர்களில் கரையீடு என்று சொல்லிக் குறிப்பிட்ட வருஷங்களுக்கு ஒரு முறை நிலங்களையே மாற்றிக்கொள்வார்கள். பங்கு நிரந்தரம், வயல் மாறும். பங்கில்லாமல் ஊரில் வந்து பயிர் செய்கிறவனுக்குப் பாயக்காரி என்று பெயர். அவன் உழுது விதைத்து அறுத்தாலும், சர்க்காருக்குக் கொடுத்தது போக, மிராசுதாரனுக்குத் துண்டுவாரமும் சுவதந்திரமும் அளக்க வேண்டும். மிராசுதாரன் கலப்பையைத் தொட்டிருக்க மாட்டான். நிலம் தன் பங்கைச் சேர்ந்தது என்பதற்காகவே அவனுக்கு அந்த நெல்.

இதைத்தான் இன்று ராயல்டி என்கிறோம். அரசனுக்கு உரியது என்பது அந்த இங்கிலீஷ் வார்த்தையின் பூர்வீக அர்த்தம். என்னைப் போன்றவர்களுக்கு அது புத்தகம் விற்றால் கிடைப்பது, அல்லது கிடைக்க வேண்டியது. அது கிடக்கட்டும்.

லயனல் பிளேஸ் என்ற துரை 1794இல் ஜாகீருக்குக் கலெக்டராக வந்தார். மிராசைப் பற்றி அவரைப்போல் பரிவோடு எழுதிய வெள்ளைக்காரர் குறைவு. அதே பிளேஸ், 1796ஐ ஒட்டிப் பூந்தமல்லி மிராசுதாரர்கள் கம்பெனி கேட்ட வாரத்துக்கு உடன்பட மறுத்தபோது, அவர்களில் பலரை மிராசிலிருந்தே நீக்கினார். எழுதும் கை ஒன்று, வசூலிக்கும் கை ஒன்று. பிறகு எல்லிஸ் துரை வந்தார். திருக்குறளில் மனம் பறிகொடுத்த அதே எல்லிஸ்தான். மிராசு என்றால் என்ன என்று சர்க்கார் கேட்ட 17 கேள்விகளுக்குப் பழைய சாசனங்களையும் வைத்துக்கொண்டு அவர் எழுதிய விடைகள் 1818இல் அச்சேறின. பத்திரத்தில் எழுதியிருப்பது வெறும் அலங்காரம் இல்லை, அதன் பின்னால் உண்மையான ஆட்சி இருந்தது என்பது அவருடைய கட்சி. மறு வருஷமே அவர் ராமநாதபுரத்தில் இறந்துபோனார். ரயத்துவாரி வந்தது. பட்டா வந்தது. பட்டாவில் வரி உண்டு, விஸ்தீரணம் உண்டு. நிதியும் இல்லை, பாஷாணமும் இல்லை. பத்திரம் ஒரு பாஷை பேசிற்று, பட்டா வேறு பாஷை பேசிற்று. இரண்டையும் ஒரே துணிப்பையில் வைத்துக்கொண்டு நாம் இருநூறு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறோம்.

மிராசுக்காரர்கள் இழந்ததை மட்டும் நினைத்து உருகுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. காரணம் இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், அந்த ஜில்லாவின் பறையர் ஜனங்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தலைமுறை தலைமுறையாக உழுதவர்களுக்குக் கிராமத்தில் பங்கில்லை என்பது மட்டுமல்ல. குடியிருக்கும் குடிசைக்கடி மண்ணும் தங்களுடையது என்று மிராசுதாரர்கள் சொன்னார்கள். தரிசு நிலத்துக்குப் பட்டா கேட்டு மனுப்போட்டால் தடுத்தார்கள். அந்த அறிக்கையின் பிறகுதான் 1892இல் பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வதற்கு உத்தரவு பிறந்தது. அஷ்டபோகம் என்பது எட்டுச் சுகம். அதில் ஒன்றுகூட வாய்க்காத ஜனங்கள் அதே ஊரில், வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

சரி, தரைக்குக் கீழே இறங்குவோம். வெள்ளைக்காரன் ஆட்சியில் நிலத்தடிப் பொருள் யாருடையது? ஒரே மகாராணியின் ராஜ்யம்தான். ஆனால் ஊருக்கு ஒரு நியாயம். வங்காளத்தில் நிலச்சாசுவதம் பெற்ற ஜமீன்தார்களுக்கு, அவர்களே எதிர்பாராதபடி, காலடியில் நிலக்கரி அகப்பட்டது. ஜாரியா ராஜாவின் ஜமீன் முழுவதும் கரி. அவருக்குக் கீழே நிலம் வைத்திருந்த இடைக்காரர்கள், "நிலம் எங்கள் வசம், ஆகவே கரியும் எங்களுடையது" என்று வழக்காடினார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் 1910இலும் 1912இலும் தீர்ப்புச் சொல்லிற்று: குத்தகையிலோ தானத்திலோ கரி என்று வெளிப்படையாக எழுதிக் கொடுக்காதவரை அது ஜமீன்தாருடையதுதான். டன்னுக்கு இத்தனை அணா என்று கம்பெனிகள் ராஜாவுக்கு அளந்தன. அந்தக் கரியை வெட்டிய சந்தால் கூலிக்கும், மேலே பயிரிட்ட குடியானவனுக்கும் ஒரு காசு இல்லை. சுவதந்திரம்தான், வேறு பெயரில்.

மலையாளக் கரையில் ஜன்மி தன்னை நிலத்துக்குப் பூரண சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டான். 1880ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூர்ப் பக்கத்தில் தங்கம் இருக்கிறது என்று கிளம்பிய பேச்சில் லண்டனில் டஜன் கணக்கான கம்பெனிகள் முளைத்தன. தங்கம் வரவில்லை, பங்கு வாங்கியவர்கள் பணம் போயிற்று. ஆனால் நிலத்தடி யாருடையது என்கிற கேள்வி மட்டும் நின்றது. நூறு வருஷத்துக்கு மேல் நின்றது. கேரள சர்க்கார், மலபாரில் தங்கள் சொந்த நிலத்தில் கனிமம் எடுத்த சிலரிடம் ராயல்டி கேட்டது. அவர்கள் கட்ட மறுத்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. 2013ஆம் வருஷம் ஜூலை 8ஆம் தேதி மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். நிலத்தடிப் பொருள் அத்தனையும் சர்க்காருடையது என்று பொதுவாகச் சொல்லும் சட்டம் எதுவும் இந்த நாட்டில் இல்லை. முறைப்படி பறிக்கப்படாதவரை அது நிலத்துக்காரனுடையதே என்றார்கள். நான் அதைப் படித்தபோது, எல்லிஸ் துரை எங்கேயோ உட்கார்ந்து தலையசைப்பதுபோல் இருந்தது. ஆனால் அதே தீர்ப்பிலேயே ஒரு சின்ன முடிச்சு. சொந்தக்காரனே ஆனாலும் அவன் சர்க்காருக்கு ராயல்டி கட்ட வேண்டுமா என்ற கேள்வி பெரிய அமர்வின் முன் இருக்கிறது, அதை நாங்கள் தொடவில்லை என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெரிய அமர்வு 2024 ஜூலையில் பேசிற்று. ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர், ராயல்டி என்பது வரியல்ல, கனிம உரிமையை அனுபவிப்பதற்காகக் குத்தகைக்காரன் குத்தகை கொடுத்தவனுக்குத் தருகிற பிரதி என்றார்கள். நம் ஊர் சிமெண்ட் கம்பெனி ஒன்றின் சுண்ணாம்புக்கல் வழக்கில் 1989இல் சொன்ன பழைய தீர்ப்பு அத்துடன் போயிற்று.

நிலத்துக்காரன் கையில் வாயுவுக்குக் காசு கொடுக்கிற தேசம் ஒன்று உண்டு. அமெரிக்கா. அங்கே பென்சில்வேனியா மாகாணத்தில் ஒரு சட்டம் 1979இலிருந்து இருக்கிறது: எண்ணெயோ வாயுவோ எடுத்தால் எட்டில் ஒரு பங்காவது நிலத்துக்காரனுக்கு ராயல்டியாகக் கொடுக்க வேண்டும், அதற்குக் குறைந்த ஒப்பந்தம் செல்லாது. அங்கே வேலையாக இருக்கும் என் நண்பரின் மகன் ஒரு வேடிக்கை சொன்னான். அவன் குடியிருக்கும் ஊரில் மாதா மாதம் காசோலை வந்ததும் அண்டைவீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்களாம். ஒரே கிணறு, ஒரே எட்டில் ஒன்று. ஆனால் ஒருவருக்கு வருவது மற்றவருக்கு வருவதில்லை. ஏன்? வாயுவைச் சுத்தம் செய்து, அழுத்தி, குழாயில் அனுப்புகிற செலவைக் கம்பெனி கழித்துக்கொள்ளலாமா கூடாதா என்பது அவரவர் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கழித்த பிறகு மிஞ்சுவதில் எட்டில் ஒன்று கொடுத்தாலும் சட்டத்துக்குச் சரிதான் என்று அந்த மாகாணத்து உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது. முன்னால் கையெழுத்துப் போட்டவன், வக்கீலைக் கேட்டுப் போட்டவன், அவசரத்துக்குப் போட்டவன் என்று மூன்று ஜாதி. களத்து மேட்டில் மரக்காலைத் தலை தட்டி அளந்தானா, குவித்து அளந்தானா என்று நம் பாட்டன்மார் சண்டை போட்டதற்கும் இதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

இதே பென்சில்வேனியாவில் 1889இல் ஒரு நீதிபதி, வாயுவும் எண்ணெயும் காட்டு மிருகங்களைப் போன்றவை என்றார். அவை எல்லை தாண்டி ஓடும். உன் நிலத்தில் இருக்கும் வரை உன்னுடையது. அடுத்தவன் நிலத்துக்கு ஓடி அவன் பிடித்துவிட்டால் அவனுடையது. உடும்போடி ஆமை தவழ்ந்த இடம் என்று எழுதிய நம் சோழ ஓலைநாயகம் அந்த நீதிபதியைச் சந்தித்திருந்தால், இருவரும் வெகுநேரம் பேசியிருப்பார்கள்.

அமெரிக்காவிலேயே நம் கரையீட்டுக்கு ஒப்பான ஒன்றும் இருந்தது. ஓக்லஹோமாவில் ஓசேஜ் என்ற செவ்விந்திய இனத்தார், 1906இல் தங்கள் நிலத்தைத் தனித்தனியே பிரித்துக்கொண்டபோது, தரைக்குக் கீழே உள்ளதைப் பிரிக்கவில்லை. அதை இனம் முழுவதற்கும் பொதுவாக வைத்து, 2,229 பேருக்குத் தலைக்கு ஒரு பங்கு என்று எழுதிக்கொண்டார்கள். யார் வயலில் கிணறு வெட்டினாலும் எல்லோருக்கும் சமமாக வரும். பங்கை விற்க முடியாது, வாரிசுக்குத்தான் போகும். பெருமையான ஏற்பாடு. 1923ஆம் ஒரே வருஷத்தில் அவர்களுக்கு மூன்று கோடி டாலருக்கு மேல் வந்தது. வந்ததே வினை. இவர்களுக்குப் பணத்தை ஆளத் தெரியாது என்று சொல்லி வெள்ளைக்காரக் கார்டியன்களை நியமித்தார்கள். பங்குக்காக ஓசேஜ் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. வாரிசாக வேண்டும் என்பதற்காக விஷம் வைத்தும் சுட்டும் வெடிவைத்தும் கொன்றார்கள். 1925இல்தான், பாதியளவோ அதற்கு மேலோ ஓசேஜ் ரத்தம் உள்ளவரின் பங்கைச் செவ்விந்திய ரத்தம் இல்லாதவர் சுவீகரிக்க முடியாது என்று சட்டம் வந்தது. எண்ணெய் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. பங்குப் பத்திரம்தான் கொன்றது.

இங்கிலாந்தின் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். அங்கே 1919இல் ஸாங்கி கமிஷன் முன்னால் கோமகன்களைக் கூப்பிட்டு, "நீங்கள் கரி வெட்டினீர்களா? எந்த உரிமையில் டன்னுக்கு இவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்று சுரங்கத் தொழிலாளர் தலைவர்கள் குறுக்கு விசாரணை செய்தார்கள். பல விஷயங்களில் கமிஷன் பிளவுபட்டும், கரியின் சொந்தம் தேசத்துக்கு வர வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். 1938இல் சட்டம், 1942இல் கைமாற்றம், கோமகன்களுக்கு நஷ்டஈடு ஆறரைக் கோடிப் பவுனுக்கு மேல்.

அந்தக் காற்று நம் பக்கமும் வீசியது. வீசிய இடம் எங்கே என்று நினைக்கிறீர்கள்? எங்கள் ஊருக்கு அடுத்த ஆவடியில்! 1955 ஜனவரியில் தேபர் தலைமையில் அங்கே காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்பது என்று தீர்மானித்தது. அடுத்த வருஷம் ஏப்ரலில் வந்த தொழிற்கொள்கைத் தீர்மானம் நிலக்கரி, பழுப்புக்கரி, கனிம எண்ணெய் எல்லாவற்றையும் சர்க்காரே நடத்தும் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய், இயற்கை வாயுக் கமிஷன் அதே 1956 ஆகஸ்டில் பிறந்தது. நெய்வேலிக் கார்ப்பரேஷன் நவம்பரில் பிறந்தது. அதற்கு முன்னமே, 1948ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன்களைச் சர்க்காரிடம் சேர்த்தபோது சுரங்கங்களையும் கனிமங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டிருந்தது. அதே வருஷத்து எண்ணெய் வயல் சட்டம் வாயுவையும் எண்ணெயையும் டில்லி விதிகளின் கீழ் கொண்டுவந்தது.

இன்று காவிரிப் படுகையில் பூமியிலிருந்து வரும் வாயுவுக்குக் கிணற்று வாயிலில் உள்ள மதிப்பில் 10 சதவிகிதம் ராயல்டி. அது மாநில சர்க்காரின் கஜானாவுக்குப் போகிறது. (எழுத்தாளனுக்குப் புத்தகத்தில் வழக்கமாகப் பேசுவதும் இதே பத்துதான். யார் யாரைப் பார்த்துப் படித்தார்களோ!) நிலத்துக்காரனுக்கு அதில் தம்படி கிடையாது. மேல்மண்ணை உபயோகப்படுத்துவதற்குக் குத்தகை உண்டு, பயிர் நஷ்டத்துக்கு ஈடு உண்டு. குழாய் மட்டும் வயலுக்கு அடியில் போகிறதென்றால், 1962ஆம் வருஷத்துச் சட்டப்படி நிலத்தின் மார்க்கெட் மதிப்பில் 10 சதவிகிதம், ஒரே ஒரு தடவை. நிலம் அவனுடையதாகவே இருக்கும். ஆனால் அந்தப் பட்டையின்மேல் வீடு கட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் ஒரே நாளில் போய்விடுகின்றன. கொங்குநாட்டில் ஏழு ஜில்லாக்களின் குடியானவர்கள் இந்தப் பத்து சதவிகிதத்துக்கு எதிராக எழுந்து, மாநில சர்க்காரும் அவர்கள் பக்கம் நின்று, கடைசியில் 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றார்கள்.

என் பெரியம்மாவின் பிள்ளைகள் இருவர் மன்னார்குடிக்குத் தெற்கே பயிர் செய்கிறார்கள். அண்ணன் தம்பி நிலங்களுக்கு நடுவே ஒரே வரப்பு. பல வருஷங்களுக்கு முன் பெரிய அண்ணனின் நிலத்தில் மூன்று ஏக்கர் வாயுக் கிணற்றுக்கு வந்துவிட்டது. குத்தகை ஒழுங்காக வருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காசில் அவர் பெண்ணை இன்ஜினீயரிங் படிக்க வைத்தார். சின்ன அண்ணனுக்கு ஒன்றுமில்லை. ராத்திரி முழுவதும் தீ எரிந்த நாட்களில் வெளிச்சமும் இரைச்சலும் அவருக்கும் சமமாகவே வந்தன.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, மதராஸ் அண்டைவீட்டுக்காரரின் கேள்வியை அவர்களிடம் சொன்னேன். சின்ன அண்ணன் வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் மேல எனக்கு வருத்தமில்லைடா" என்றார். "ஆனா கீழே இருக்கிறது வரப்பு பார்த்தா இருக்கு?"

பெரிய அண்ணன் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் தரைக்குத்தான் தர்றான். கீழே இருக்கிறதுக்கு எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை" என்றார்.

எங்களுக்கு இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அந்த மூன்று ஏக்கரில் நடவும் அறுப்பும் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த வேலை நாட்களுக்கு ஈடு என்று எந்தக் காகிதத்திலும் ஒரு வரி இல்லை. அவர் எங்கள் பேச்சில் கலந்துகொள்ளவுமில்லை. இளநீரை நீட்டிவிட்டு மட்டையைப் பொறுக்கப் போனார்.

எனக்கு ஒரு பக்கம் ஆவடித் தீர்மானத்தின் நியாயம் தெரிகிறது. ஜாரியா ராஜாவுக்கும் பூந்தமல்லி மிராசுக்கும் கிடைத்ததுபோல், தற்செயலாகக் கல்லின்மேல் குந்தியிருந்தவனுக்கே எல்லாம் போனால், இளநீர் வெட்டியவருக்கு எந்தக் காலத்திலும் ஒன்றும் வராது. பூமிக்குள் இருப்பது பொதுவில் இருந்தால் அவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமாகவாவது வரும் என்றுதான் 1955இல் நினைத்தார்கள். ஆனால் கஜானாவுக்குப் போன பத்து சதவிகிதம் அந்தக் கிராமத்துக்கு எந்த வழியாகத் திரும்பி வந்தது என்று சொல்ல அங்கே யாராலும் முடியவில்லை. மின்சாரம் வந்திருக்கிறது, கோவில்களப்பாலில் அந்த வட்டாரத்து வாயுவை எரித்துச் சுமார் 108 மெகாவாட் எடுக்கிறார்கள். அது எல்லோருக்கும் வருகிற மின்சாரம். கிணற்றின் பக்கத்தில் குடியிருப்பவனுக்கென்று வந்தது பயம் மட்டும்தான். நெய்வேலியில் தம் நிலத்துக் கிணற்றில் கரும்பொருளைக் கண்டு சர்க்காரைத் தட்டியெழுப்பி, 620 ஏக்கரையும் தூக்கிக் கொடுத்த ஜம்புலிங்க முதலியார் போன்றவர்கள் ஒரு தலைமுறை இருந்தார்கள். அதே நெய்வேலியைச் சேர்ந்த வளையமாதேவியில் 2023 ஜூலையில் நின்ற நெல்லில் இயந்திரத்தை இறக்கி வாய்க்கால் வெட்டியதை நாமெல்லாம் பார்த்தோம். நடுவில் ஏதோ ஒன்று அறுந்துபோயிருக்கிறது. நம்மாழ்வார் மீத்தேனுக்கு எதிராக ஊர் ஊராக நடந்து, 2013 டிசம்பரில் அந்த நடையிலேயே போய்ச் சேர்ந்தார். 2017இல் நெடுவாசல். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம். புதிய கிணறுகளுக்குத் தடை. பழைய கிணறுகள் பழையபடி. அண்ணன் தம்பி வரப்பும் பழையபடி.

இதையெல்லாம் எதிர்வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். "அப்போ நமக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்றீங்க" என்றார்.

போன மாதம் எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை. தங்கைக்கும் எனக்கும் மனையைப் பாதியாகப் பிரித்தோம். பத்திரம் எழுதுகிறவர் இளைஞர். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினார், நிதியும் நிட்சேபமும் ஜலமும் பாஷாணமும் திரையில் வந்து நின்றன. ஆயிரம் வருஷத்துச் சங்கதி, அவருக்கு ஒரு தட்டு.

"இதெல்லாம் இனிமேல் தேவைதானா, தம்பி? எடுத்துவிடலாமே" என்றேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் சார். எடுத்தா பார்ட்டிங்க சண்டைக்கு வருவாங்க" என்றார்.

சாட்சிக் கையெழுத்துக்குப் பெரியவரை அழைத்துப் போயிருந்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஒரு வரியில் விரல் நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"ரெண்டு பேர் பாகத்திலேயும் இருக்கில்ல?"

"இருக்கிறது, ஐயா."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.